லுட்விக் எர்ஹார்ட்

லுட்விக் எர்ஹார்ட் (பெப்ரவரி 4, 1897 - மே 5, 1977) ஜெர்மானியப் பொருளியல் அறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். 1949 முதல் 1963 வரை மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராகவும், 1963 முதல் 1966 வரை அந்நாட்டின் இரண்டாவது சான்சிலராகவும் (பிரதமருக்கு இணையான பதவி) இருந்தார். இரண்டாம் உலகப் போரில் தோற்று, நான்கு நாடுகளின் படைகளால் பங்கிடப்பட்டிருந்த ஜெர்மனியில், 1948 ஆம் ஆண்டில் பெரும்பாலான பொருட்களின் விலைக் கட்டுப்பாடுகளை நீக்கியதன் மூலம் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அதே வேளையில், நிறுவனங்கள் தமக்குள் கூடி விலையை உயர்த்துவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றுவதற்காகத் தொழிலதிபர்களுடன் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போராடியவரும் இவரே. சந்தையின் சுதந்திரத்தையும் அரசின் ஒழுங்குமுறையையும் இணைக்கும் இக்கொள்கை சமூகச் சந்தைப் பொருளாதாரம் என அழைக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

எர்ஹார்ட் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள ஃபியூர்த் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை அந்நகரில் துணிக்கடை நடத்தி வந்தார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டதால் இவருடைய வலது கால் ஊனமுற்றது. எனினும் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1918 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே படுகாயமுற்று, பல அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானார். நெடுநேரம் கடையில் நின்று வணிகம் செய்ய இயலாத நிலையில் இவரது கவனம் படிப்பின் பக்கம் திரும்பியது.

1919 இல் நியூரம்பெர்க் வணிகவியல் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் பிராங்க்பர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று 1925 இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்த பிரான்ஸ் ஓப்பன்ஹைமர், முற்றுரிமைகளே சமூக ஏற்றத்தாழ்வின் வேர் எனக் கருதியவர். ஓப்பன்ஹைமரின் சோசலிசத்தை எர்ஹார்ட் ஏற்கவில்லை. ஆனால் முற்றுரிமையின் மீதான அவநம்பிக்கையை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. 1923 இல் உடன் பயின்ற பொருளியல் பட்டதாரியான லூயிசே என்பவரை மணந்தார்.

எர்ஹார்ட் பிறந்த அதே நாளில், அதாவது 1897 பெப்ரவரி 4 அன்று, ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வணிக நிறுவனங்கள் தமக்குள் செய்துகொள்ளும் விலை ஒப்பந்தங்கள் சட்டப்படி செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கார்ட்டெல் எனப்படும் இத்தகைய கூட்டமைப்புகள் அதன் பின் ஜெர்மானியத் தொழில்துறை முழுவதும் பெருகின. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்நிலையை மாற்றிய சட்டம் எர்ஹார்ட்டின் முயற்சியால் உருவானது.

நாட்சி ஆட்சிக் காலம்

1928 முதல் 1942 வரை நியூரம்பெர்க்கில் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் எர்ஹார்ட் பணியாற்றினார். நாட்சிக் கட்சியில் இவர் உறுப்பினராகச் சேரவில்லை. எனினும் போர்க்காலத்தில், ஜெர்மனி கைப்பற்றிய லொரேன் முதலிய பகுதிகளின் பொருளாதாரம் குறித்து அதிகாரிகளுக்கு ஆலோசனைகள் வழங்கியுள்ளார். இதனைப் பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கடுமையாக விமர்சித்துள்ளனர்.

போருக்குப் பின் ஜெர்மனியின் கடன்களையும் நாணயத்தையும் எவ்வாறு சீர்செய்வது என்பது பற்றி 1944 இல் ஓர் அறிக்கை எழுதினார். தோல்விக்குப் பிந்தைய நிலையைத் திட்டமிடுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அவ்வறிக்கையை இட்லரின் எதிர்ப்பாளர்களுள் ஒருவரான கார்ல் கேர்டெலருக்கும் இவர் அனுப்பியிருந்தார். கேர்டெலர் 1945 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பிந்தைய ஜெர்மனி

1945 இல் ஜெர்மனி அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சு, சோவியத் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. 1936 இல் நாட்சி அரசு விதித்த விலை உறைவு போருக்குப் பின்னரும் நீடித்தது. போருக்காக அச்சிடப்பட்ட பணம் மக்களிடம் மிகுந்திருந்தது. ஆனால் கடைகளில் பொருள் இல்லை. பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த உணவு உயிர் வாழப் போதுமானதாக இல்லை. நகர மக்கள் கடிகாரம், துணி முதலியவற்றைச் சுமந்து கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்குக்கு மாற்றி வந்தனர். கள்ளச் சந்தையில் அமெரிக்க சிகரெட்டுகளே நாணயமாகப் புழங்கின. அரசு நிர்ணயித்த விலைக்கு விற்றால் நட்டம் என்பதால் உற்பத்தியாளர்கள் சரக்கைப் பதுக்கினர்.

அமெரிக்கர்கள் எர்ஹார்ட்டை 1945 அக்டோபரில் பவேரியாவின் பொருளாதார அமைச்சராக நியமித்தனர். 1946 டிசம்பர் வரை நீடித்த அப்பதவியில் இவருடைய நிர்வாகத் திறன் குறித்துக் குறைகள் கூறப்பட்டன. 1947 இல், நாணயச் சீர்திருத்தத்துக்குத் தயாரிப்பு செய்ய அமைக்கப்பட்ட வல்லுநர் குழுவுக்குத் தலைவரானார். 1948 மார்ச் 2 அன்று, அமெரிக்க, பிரித்தானிய மண்டலங்கள் இணைந்த இரட்டை மண்டலத்தின் பொருளாதார நிர்வாக இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த பொருளாதார மன்றத்தில் கிறித்தவ ஜனநாயகவாதிகளும் சமூக ஜனநாயகவாதிகளும் ஏறத்தாழச் சம பலத்துடன் இருந்தனர். சிறிய தாராளவாதக் கட்சியின் ஆதரவே எர்ஹார்ட்டுக்குப் பெரும்பான்மை தந்தது.

1948 சீர்திருத்தம்

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை அன்று மேற்கு மண்டலங்களில் புதிய நாணயமான டாய்ச் மார்க் அறிமுகமானது. இதன் வடிவமைப்பில் அமெரிக்க அதிகாரியான எட்வர்ட் டெனன்பாம் முக்கியப் பங்காற்றினார். ஒவ்வொருவருக்கும் முதலில் 40 மார்க்கும் பின்னர் 20 மார்க்கும் வழங்கப்பட்டன. வங்கிச் சேமிப்பாக இருந்த பழைய 100 மார்க்குக்கு இறுதியில் 6.50 புதிய மார்க் மட்டுமே கிடைத்தது.

நாணய மாற்றம் நேச நாடுகளின் முடிவாகும். அதனுடன் விலைகளையும் விடுவிப்பது என்பது எர்ஹார்ட்டின் முடிவாகும். இதற்கான சட்டத்தை அவருடைய அலுவலரும் பொருளியலாளருமான லியோன்ஹார்ட் மிக்ஷ் வரைந்தார். இரவு முழுவதும் நீடித்த விவாதத்துக்குப் பின் ஜூன் 18 அன்று பொருளாதார மன்றம் அதனை நிறைவேற்றியது. நேச நாடுகளின் முறையான ஒப்புதல் வருவதற்கு முன்பே கட்டுப்பாடுகள் நீக்கப்படுவதாக வானொலி வழியாக அறிவிக்கப்பட்டது. இதற்காக விளக்கம் கேட்டபோதிலும் அமெரிக்க ஆளுநர் லூசியஸ் கிளே எர்ஹார்ட்டை ஆதரித்தார்.

இச்சட்டம் எல்லாக் கட்டுப்பாடுகளையும் ஒரே நாளில் நீக்கியதாகப் பலர் கருதுவதுண்டு. அது சரியன்று. ஆடை, காலணி, வீட்டுப் பொருட்கள் முதலிய நுகர்பொருட்களின் விலைகள் விடுவிக்கப்பட்டன. முக்கிய உணவுப் பொருட்கள், நிலக்கரி, எஃகு, மின்சாரம், வீட்டு வாடகை ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. மேலும், பொருளாதார முற்றுரிமைகள் உருவானால் அவை அகற்றப்பட வேண்டும் என்றும், அதுவரை அரசின் மேற்பார்வையில் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறியது. விலை விடுவிப்பும் முற்றுரிமைத் தடையும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றது எர்ஹார்ட்டின் கொள்கையைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

மறுநாளே கடைகளின் காட்சிப் பெட்டிகள் நிறைந்தன. அதுவரை பதுக்கப்பட்டிருந்த சரக்கு வெளிவந்தது. 1936 ஆம் ஆண்டின் அளவில் பாதியாக இருந்த தொழில் உற்பத்தி, ஆண்டிறுதிக்குள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை எட்டியது.

எதிர்ப்பும் பொது வேலைநிறுத்தமும்

கடைகளில் பொருள் கிடைத்தது. ஆனால் வாங்கப் பலரிடம் பணம் இல்லை. விலைகள் வேகமாக ஏறின. கூலி உயர்வுக்கான தடையோ 1948 நவம்பர் தொடக்கம் வரை நீடித்தது. சேமிப்பை இழந்தவர்களும் கிழக்கிலிருந்து வந்த அகதிகளும் மிகுந்த துன்பத்துக்கு உள்ளாயினர். நிலம், தொழிற்சாலை, சரக்கு வைத்திருந்தவர்கள் இழப்பின்றித் தப்பினர். அக்டோபர் 28 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் கலவரம் மூண்டது. நவம்பர் 12 அன்று தொழிற்சங்கங்கள் நடத்திய ஒருநாள் பொது வேலைநிறுத்தத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பொருளாதார மன்றத்தில் எர்ஹார்ட்டை நீக்கக் கோரிச் சமூக ஜனநாயகக் கட்சி கொண்டுவந்த தீர்மானங்கள் தோல்வியடைந்தன.

எர்ஹார்ட் விலைக் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப மறுத்தார். ஆனால் அரசு கைகட்டி நின்றது எனவும் கூற இயலாது. கொள்ளை இலாபத்துக்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. நியாயமான விலைகளின் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. எல்லோருக்குமான திட்டம் என்ற பெயரில் மலிவு விலைக் காலணிகளும் ஆடைகளும் தயாரிக்க மூலப்பொருட்கள் ஒதுக்கப்பட்டன. வங்கிகளின் கடன் வழங்கலை மத்திய வங்கி இறுக்கியது. 1949 தொடக்கத்தில் விலைகள் இறங்கத் தொடங்கின.

பிளவுபட்ட நாட்டில் தேர்தல்

மேற்கின் நாணய மாற்றத்துக்கு எதிராகச் சோவியத் ஒன்றியம் தனது மண்டலத்தில் வேறு நாணயத்தை வெளியிட்டது. 1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை முற்றுகையிட்டது. 1949 இல் இரண்டு ஜெர்மானிய அரசுகள் உருவாயின. கிழக்கில் உற்பத்தியும் விலையும் அரசுத் திட்டத்தால் தீர்மானிக்கப்பட்டன. மேற்கில் எந்த அளவுக்குச் சந்தை, எந்த அளவுக்கு அரசு என்பது தேர்தல் கேள்வியாயிற்று.

இக்கேள்வி கட்சிகளுக்குள்ளும் பிளவை உண்டாக்கியது. கிறித்தவ ஜனநாயக ஒன்றியம் 1947 இல் ஆலன் நகரில் வெளியிட்ட திட்டத்தில் சுரங்கங்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் எனக் கூறியிருந்தது. 1949 ஜூலையில் டியூசல்டார்ஃப் நகரில் அதே கட்சி எர்ஹார்ட்டின் கொள்கையை ஏற்றது. ஆகஸ்டு 14 அன்று நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில் கிறித்தவ ஜனநாயகவாதிகள் 31.0 விழுக்காடும் சமூக ஜனநாயகவாதிகள் 29.2 விழுக்காடும் வாக்குகள் பெற்றனர். கொன்ராட் அடினாவர் தேவையான பெரும்பான்மைக்கு ஒரு வாக்குக்கூட மிகாமல் சான்சிலரானார். எர்ஹார்ட் பொருளாதார அமைச்சரானார். 1950 தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை 20 லட்சத்தை எட்டியிருந்தது.

சமூகச் சந்தைப் பொருளாதாரம்

இச்சொல்லை உருவாக்கியவர் எர்ஹார்ட் அல்லர். பொருளியலாளர் அல்ஃபிரட் மியூலர்-ஆர்மாக் 1947 இல் வெளிவந்த தமது நூலில் இதனைப் பயன்படுத்தினார். பின்னர் அவர் எர்ஹார்ட்டின் அமைச்சகத்தில் உயர் பதவி வகித்தார். பிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் ஆய்க்கன், பிரான்ஸ் பேம் ஆகியோரின் கருத்துகளும் எர்ஹார்ட்டுக்கு அடிப்படையாயின.

இவர்களது கருத்துப்படி, அரசு விலையைத் தீர்மானிக்கக் கூடாது; ஆனால் ஆட்டத்தின் விதிகளைத் தீர்மானிக்க வேண்டும். கட்டுப்பாடற்று விடப்பட்ட சந்தையில் பலம் வாய்ந்தோர் கூடிப் போட்டியை ஒழித்துவிடுவர். அப்போது அரசின் ஆதிக்கத்துக்குப் பதிலாகத் தனியாரின் ஆதிக்கம் தோன்றும். ஆகவே நிலையான நாணயம், போட்டியைக் காக்கும் சட்டம், நலிந்தோருக்கான பாதுகாப்பு ஆகியவை அரசின் கடமைகளாகும். இவற்றுள் போட்டியே சிறந்த சமூகக் கொள்கை என்பது எர்ஹார்ட்டின் எண்ணம். மியூலர்-ஆர்மாக் போன்றோர் சமூகச் சமநிலைக்கும் இணையான இடம் அளித்தனர்.

நடைமுறையில் அரசின் பங்கு எர்ஹார்ட் விரும்பியதைவிடப் பெரிதாகவே அமைந்தது. 1950 இல் சமூக வீட்டுவசதிச் சட்டமும், 1951 இல் நிலக்கரி, எஃகு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் தொழிலாளருக்குச் சம இடமளிக்கும் சட்டமும் நிறைவேறின. 1952 ஆம் ஆண்டின் சுமைப் பகிர்வுச் சட்டம், போரில் சொத்தை இழக்காதவர்கள் மீது 30 ஆண்டுகளில் செலுத்தத்தக்க வரியை விதித்து, இழந்தவர்களுக்கு ஈடு வழங்கியது.

கொரியப் போர் நெருக்கடி

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியதும் மூலப்பொருட்களின் விலைகள் உயர்ந்தன. மேற்கு ஜெர்மனியில் நிலக்கரித் தட்டுப்பாடும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையும் ஏற்பட்டன. 1951 மார்ச்சில் அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் பொருளாதாரத்தின் மீது நேரடிக் கட்டுப்பாடுகளை விதிக்குமாறு வலியுறுத்தினார். அடினாவரும் எர்ஹார்ட் மீது அதிருப்தி கொண்டிருந்தார்.

எர்ஹார்ட் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். தாராள இறக்குமதி 1951 பெப்ரவரியில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1952 இல் இயற்றப்பட்ட முதலீட்டு உதவிச் சட்டத்தின்படி, பிற தொழில்துறைகள் 100 கோடி மார்க் திரட்டி நிலக்கரி, எஃகு, மின்துறைகளுக்கு வழங்கின. ஆனால் பொதுவான விலைக் கட்டுப்பாடு மீண்டும் வரவில்லை. உலகச் சந்தையில் இயந்திரங்களின் தேவை பெருகியதால் ஏற்றுமதி வளர்ந்தது, நெருக்கடி விலகியது.

கார்ட்டெல் தடைச் சட்டம்

எர்ஹார்ட்டின் மிக நீண்ட அரசியல் போராட்டம் இடதுசாரிகளுடன் நடந்ததன்று. தமது கட்சிக்கு நிதியும் ஆதரவும் அளித்த தொழிலதிபர்களுடன் நடந்ததாகும். விலை ஒப்பந்தங்களைப் பொதுவாகவே தடை செய்ய வேண்டும் என்றார் எர்ஹார்ட். தவறாகப் பயன்படுத்தப்படும்போது மட்டும் அரசு தலையிட்டால் போதும் என்றது ஃபிரிட்ஸ் பெர்க் தலைமையிலான ஜெர்மானியத் தொழில் கூட்டமைப்பு. அடினாவர் தொழிலதிபர்களைப் பகைக்க விரும்பவில்லை. 1952 இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா அக்காலத்துக்குள் நிறைவேறாமல் காலாவதியானது.

போட்டிக் கட்டுப்பாடுகளுக்கு எதிரான சட்டம் இறுதியில் 1957 ஜூலையில் நிறைவேறி, 1958 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கார்ட்டெல்கள் தடை செய்யப்பட்டன. இதனைக் கண்காணிக்கக் கூட்டரசு கார்ட்டெல் அலுவலகம் மேற்கு பெர்லினில் தொடங்கப்பட்டது. எனினும் ஏற்றுமதி, நெருக்கடிக் காலம் முதலியவற்றுக்கு விதிவிலக்குகள் தரப்பட்டன. பெயர் பெற்ற வணிகச் சின்னங்களின் சில்லறை விலையை உற்பத்தியாளரே நிர்ணயிக்கும் உரிமை நீடித்தது. நிறுவனங்கள் ஒன்றிணைவதைத் தடுக்கும் அதிகாரமும் அரசுக்குக் கிடைக்கவில்லை. இவ்விரு குறைகளும் 1973 இல் சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமையிலான அரசால் திருத்தப்பட்டன.

அடினாவருடன் கருத்து வேறுபாடுகள்

1956 இல் விலையேற்றத்தைத் தடுக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தியபோது எர்ஹார்ட் அதனை ஆதரித்தார். கொலோன் நகரில் தொழிலதிபர்கள் கூட்டத்தில் பேசிய அடினாவர் அம்முடிவை வெளிப்படையாகக் கண்டித்தார். 1957 இல் ஓய்வூதியங்களை ஊதிய உயர்வுடன் இணைக்கும் சட்டத்தை அடினாவர் கொண்டுவந்தார். அது பணவீக்கத்தை வளர்க்கும் என எர்ஹார்ட் அஞ்சினார். ஆனால் முதியோரின் வறுமையை வெகுவாகக் குறைத்த அச்சட்டம், அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி 50.2 விழுக்காடு வாக்குகள் பெறவும் உதவியது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆறு நாடுகளுக்குள் சுருங்கிய சுங்க வேலியாகிவிடும் என்பதும் எர்ஹார்ட்டின் கவலையாக இருந்தது.

1957 இல் அனைவருக்கும் வளம் என்ற பொருள்படும் தலைப்பில் இவருடைய நூல் வெளிவந்தது. அரசுக்குச் சொந்தமாயிருந்த பிராய்சாக் நிறுவனத்தின் பங்குகள் 1959 இலும் வோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் பங்குகள் 1961 இலும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1960 களின் தொடக்கத்தில் வேலை தேடுவோரைவிடக் காலியிடங்கள் மிகுந்திருந்தன.

எதிர்க்கட்சியின் மாற்றம்

தொடர்ந்து தேர்தல்களில் தோற்ற சமூக ஜனநாயகக் கட்சி, 1959 நவம்பரில் கோடஸ்பெர்க் மாநாட்டில் புதிய திட்டத்தை ஏற்றது. தொழில்களைப் பொதுவுடைமையாக்கும் பழைய இலக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது. இயன்றவரை போட்டியும் தேவையான அளவு திட்டமிடலும் இருக்க வேண்டும் என்ற பொருளியலாளர் கார்ல் ஷில்லரின் நிலைப்பாடு கட்சியின் கொள்கையானது. இதன் பின் இரு பெரிய கட்சிகளுக்கும் இடையிலான விவாதம் சந்தை வேண்டுமா என்பதிலிருந்து, அதற்கு எவ்வளவு எல்லை வேண்டும் என்பதற்கு மாறியது.

சான்சிலர் பதவி

அடினாவரின் எதிர்ப்பையும் மீறி 1963 அக்டோபர் 16 அன்று எர்ஹார்ட் சான்சிலரானார். 1965 இல் இவரது அரசு இசுரேலுடன் தூதரக உறவை ஏற்படுத்தியது. அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி 47.6 விழுக்காடு வாக்குகளுடன் வெற்றி பெற்றது. ஆனால் தேர்தலுக்கு முன் அளித்த சலுகைகள் வரவு செலவுத் திட்டத்தில் பற்றாக்குறையை உண்டாக்கின. 1966 இல் பொருளாதாரம் தளர்ந்தது. ரூர் பகுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. சிக்கனமாக வாழுமாறு எர்ஹார்ட் விடுத்த வேண்டுகோள்கள் பயனளிக்கவில்லை.

வரி உயர்வை எதிர்த்துக் கூட்டணிக் கட்சியான சுதந்திர ஜனநாயகக் கட்சியின் அமைச்சர்கள் 1966 அக்டோபர் 27 அன்று பதவி விலகினர். பெரும்பான்மை இழந்த எர்ஹார்ட் அடுத்து பதவி விலகினார். டிசம்பர் 1 அன்று இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து அரசமைத்தன. புதிய பொருளாதார அமைச்சரான ஷில்லர், மந்த காலத்தில் அரசுச் செலவைக் கூட்ட வழிசெய்யும் நிலைத்தன்மை மற்றும் வளர்ச்சிச் சட்டத்தை 1967 இல் நிறைவேற்றினார். செழிப்பின் அடையாளமாகக் கருதப்பட்டவர், பிற்காலத்து அளவுகோல்களில் சிறியதான ஒரு பொருளாதார மந்தத்தால் பதவி இழந்தார்.

இறுதிக் காலம்

எர்ஹார்ட் இறக்கும் வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1967 இல் தமது பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1977 மே 5 அன்று பான் நகரில் காலமானார். பவேரியாவின் குமுண்ட் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். 2018 இல் ஃபியூர்த் நகரில் இவரது நினைவு மையம் திறக்கப்பட்டது.

மதிப்பீடு

மேற்கு ஜெர்மனியின் வளர்ச்சி பொருளாதார அதிசயம் என அழைக்கப்பட்டதை எர்ஹார்ட் விரும்பவில்லை. அது உழைப்பாலும் சரியான கொள்கையாலும் விளைந்தது என்பது அவர் கருத்து. அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. போரில் பெரும்பாலான இயந்திரங்கள் அழியாமல் தப்பியது, ஏறத்தாழ 140 கோடி டாலர் மார்ஷல் திட்ட உதவி, கிழக்கிலிருந்து வந்த திறன்மிக்க தொழிலாளர்கள் ஆகியவையும் காரணங்கள் என்பர். உற்பத்தி 1947 இலேயே மீளத் தொடங்கிவிட்டது என வரலாற்றாளர் வெர்னர் ஆபெல்ஸ்ஹவுசர் வாதிட்டுள்ளார்.

அரசின் தலையீட்டை எதிர்ப்போர் 1948 ஆம் ஆண்டின் விலை விடுவிப்பைச் சுட்டிக்காட்டி எர்ஹார்ட்டைத் தம்மவர் என்பர். ஒழுங்குமுறையை வேண்டுவோர் 1957 ஆம் ஆண்டின் சட்டத்தைச் சுட்டுவர். எர்ஹார்ட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நோக்கம் கொண்டவை. பங்கீட்டு அலுவலகத்திடம் கைகட்டி நிற்கும் நுகர்வோரும், கூடி விலை வைக்கும் வணிகரிடம் சிக்கிய நுகர்வோரும் ஒரே வகையில் உரிமை இழந்தவர்கள் என அவர் கருதினார்.

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளுக்கு இடையே 1990 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த நாணய, பொருளாதார, சமூக ஒன்றிய ஒப்பந்தம், சமூகச் சந்தைப் பொருளாதாரத்தை இரு நாடுகளுக்கும் பொதுவான பொருளாதார அமைப்பாக அறிவித்தது. அதே நாளில் டாய்ச் மார்க் கிழக்கு ஜெர்மனியிலும் புழக்கத்துக்கு வந்தது. ஜெர்மனி 1990 அக்டோபர் 3 அன்று ஒன்றிணைந்தது.